வெளிறிய சிறகுக்கு ஒரு பெயர்

நுழையும்முன்

நம்மைச் சூழ்ந்து வாழும் உயிர்களுள் பெரும்பாலானவை மிகச் சிறியவை. அவற்றின் பெயரை அறியாமலே நாம் கடந்து செல்கிறோம். ஓர் உயிரின் பெயரை அறிவது, அதன் உணவையும் வாழிடத்தையும் உறவினத்தையும் அறிவதற்கான வாயிலாகும். அவ்வாயிலைத் திறப்பதற்குக் கூர்ந்த பார்வை வேண்டும். பார்த்த அளவுக்கு மட்டுமே பேசும் நேர்மையும் வேண்டும். ஆல்ப்ஸ் மலைப்புல்வெளியில் பறக்கும் சிறிய, வெளிறிய அந்துப்பூச்சி ஒன்றை அடையாளம் காணும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

காலடியில் எழும் வெண்மை

ஐரோப்பாவின் நடுவே, எட்டு நாடுகளைத் தொட்டு, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளத்திற்கு வளைந்து கிடக்கிறது ஆல்ப்ஸ் மலைத்தொடர். அதன் சரிவுகளில் மரங்கள் வளரக்கூடிய எல்லை, பெரும்பாலான இடங்களில் 1,800 முதல் 2,200 மீட்டர் வரையிலான உயரத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குமேல் இயற்கையான புல்வெளிகள் தொடங்குகின்றன. அதற்குக் கீழேயும் புல்வெளிகள் உண்டு. அவை மலைவாழ் உழவர்கள் காடு திருத்தி உருவாக்கியவை; குளிர்காலத் தீவனத்திற்காகப் புல்லை அறுத்து உலர்த்தியும், கோடையில் மாடுகளை மேயவிட்டும் பல நூற்றாண்டுகளாக அவர்கள் காத்து வந்தவை.

சூன், சூலைத் திங்களில் பனி விலகி இப்புல்வெளிகள் பூத்து நிற்கும்போது அவற்றினூடே நடந்து செல்பவர் ஒரு காட்சியைக் காணத் தவறமாட்டார். ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் புல்லின் அடியிலிருந்து வெண்ணிறச் சிறுபூச்சி ஒன்று எழும். சில அடி தொலைவு தாழப் பறக்கும். மீண்டும் ஒரு புல்தண்டில் அமரும். அமர்ந்த நொடியிலேயே கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். அருகில் சென்று தேடினால், காய்ந்த புல்லின் துண்டு போலத் தோன்றுவதே அப்பூச்சி என்பது புலப்படும்.

அது யாது என்னும் வினாவிற்கு ‘அந்துப்பூச்சி’ என்று விடை கூறலாம். ஆனால், அவ்விடை ‘மரம்’ என்று சொல்வதைப் போன்றது. சிறகுகளில் செதில்கள் உடைய பூச்சிகளைச் செதிலிறகிகள் என்பர். இவ்வரிசையில் இதுவரை ஏறத்தாழ 1,60,000 சிற்றினங்கள் அறிவியலுக்கு அறிமுகமாகியுள்ளன. அவற்றுள் வண்ணத்துப்பூச்சிகள் 20,000-க்கும் குறைவு. எஞ்சியவை எல்லாம் அந்துப்பூச்சிகளே. இவ்வளவு பெரிய கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்தறியப் படிப்படியான முறை தேவைப்படுகிறது.

உயிர்களைப் பொதுப்பண்பு கொண்டு வகைப்படுத்தும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை நிரல்படுத்திய தொல்காப்பியம், தும்பியை நான்கறிவுயிராகக் கொண்டது. எந்தப் பண்பைக் கொண்டு பிரிப்பது என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டு, பிறகு ஒவ்வோர் உயிரையும் அதற்குரிய இடத்தில் வைப்பதே வகைப்பாட்டின் அடிப்படை. அந்துப்பூச்சியை அடையாளம் காண்பதிலும் இதே நெறி பின்பற்றப்படுகிறது.

இடமும் காலமும்

பூச்சியைப் பார்ப்பதற்கு முன்பே அதன் இடத்தைப் பார்க்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், சரிவு எத்திசை நோக்கியது, நிலம் ஈரமானதா உலர்ந்ததா, சுற்றிலும் வளர்ந்துள்ள செடிகள் யாவை, அன்றைய நாள் எது, பகலா மாலையா ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுதல் முதற்பணியாகும்.

இக்குறிப்புகள் வெறும் சடங்கல்ல. அந்துப்பூச்சியின் வாழ்வு அதன் புழு உண்ணும் செடியோடு பிணைந்தது. புல்லின் அடிப்பகுதியை உண்டு வளரும் இனத்தைப் புல்வெளியில் எதிர்பார்க்கலாம். ஊசியிலை மரத்தை உண்ணும் இனம் அங்குக் காணப்பட்டால், அது காற்றால் அடித்துவரப்பட்டதாகவோ அருகில் காடு இருப்பதற்கான அறிகுறியாகவோ இருக்கலாம். சிறகு முளைத்த நிலையில் பெரும்பாலான இனங்கள் சில கிழமைகளே வாழ்கின்றன. எனவே, சூன் திங்களில் பறப்பதும் செப்டம்பரில் பறப்பதும் தோற்றத்தில் ஒத்திருந்தாலும் வெவ்வேறு இனங்களாக இருக்க வாய்ப்புண்டு. இடமும் காலமும் எந்தப் பெயரையும் உறுதி செய்வதில்லை. ஆனால், பொருந்தாத பல பெயர்களை அவை தொடக்கத்திலேயே விலக்கிவிடுகின்றன.

வண்ணத்துப்பூச்சியா, அந்துப்பூச்சியா?

பகலில் பறப்பது வண்ணத்துப்பூச்சி, இரவில் பறப்பது அந்துப்பூச்சி என்னும் பொதுக்கருத்து மலைப்புல்வெளியில் பயன்படாது. உயர்ந்த மலைகளில் இரவு மிகவும் குளிர்ந்திருப்பதால், வெயில் காயும் பகற்பொழுதில் பறக்கும் அந்துப்பூச்சிகள் அங்குப் பல உள்ளன. சியோனா லினியேட்டா என்னும் அந்துப்பூச்சி அவற்றுள் ஒன்று. வெண்மையான சிறகும் கரிய நரம்புகளும் கொண்டு, பகலில் பூக்களிடையே திரியும் அதனை, முதன்முறை காண்பவர் வெண்ணிற வண்ணத்துப்பூச்சி என்றே எண்ணுவர்.

இரண்டையும் பிரித்தறிய உணர்கொம்புகளைப் பார்க்க வேண்டும். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு, முனையில் தடித்து, தீக்குச்சியின் தலைபோலக் காணப்படும். அந்துப்பூச்சியின் உணர்கொம்பு பெரும்பாலும் நூல்போல மெலிந்தோ, சீப்புப்போலக் கிளைத்தோ இருக்கும். நிறம், பறக்கும் நேரம், அழகு ஆகிய மூன்றும் பார்ப்பவரை ஏமாற்றக்கூடும். உணர்கொம்பின் வடிவம் அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை.

அமர்வே முதல் அடையாளம்

சிறிய, வெளிறிய அந்துப்பூச்சிகளைப் பொறுத்தவரை, நிறத்தைவிட அவை அமரும் விதமே குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கிறது. மலைப்புல்வெளியில் பொதுவாகக் காணத்தக்க நான்கு அமர்வு நிலைகளை ஒப்பிட்டால் இது விளங்கும்.

முதல் வகை, சிறகுகளை இருபுறமும் விரித்து இலைமேல் தட்டையாக அமரும். அலைபோன்ற மெல்லிய கோடுகள் சிறகின் குறுக்கே ஓடும். இவை பெரும்பாலும் ஜியோமெட்ரிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் புழுக்கள் உடலை வளைத்து வளைத்து, சாண் போட்டு நிலத்தை அளப்பதுபோல நகர்வதால், ‘நிலத்தை அளப்பது’ என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல் குடும்பப் பெயராயிற்று.

இரண்டாம் வகை, குறுகிய சிறகுகளைச் சுருட்டி உடலுக்குச் செங்குத்தாக நீட்டி அமரும். மேலிருந்து நோக்கினால் சிலுவை போலவோ, ஆங்கில எழுத்தாகிய ‘டி’ போலவோ தோன்றும். இவை இறகு அந்துப்பூச்சிகள். இவற்றுள் தூய வெண்ணிறம் கொண்ட ஓர் இனத்திற்கு 1758ஆம் ஆண்டு லின்னேயஸ், ‘ஐந்து விரல் உடையது’ என்னும் பொருள்பட பென்டடாக்டைலா என்று பெயரிட்டார். அதன் முன்சிறகு இரண்டாகவும் பின்சிறகு மூன்றாகவும் பிளவுபட்டிருப்பதே காரணம்.

மூன்றாம் வகை மிகச் சிறியது. குச்சிபோல ஒடுங்கிய உடலும், நேர் முன்னோக்கி நீட்டிய உணர்கொம்புகளும் கொண்டது. இது கோலியோஃபோரா பேரினத்தின் அடையாளம். இதன் புழு தனக்கென ஓர் உறையைச் செய்து, அதைச் சுமந்தபடியே வாழும்.

நான்காம் வகைதான் நம் காலடியில் எழுந்த பூச்சி. இது சிறகுகளை உடலைச் சுற்றி உருளையாக ஒடுக்கி, புல்தண்டை ஒட்டி அமரும். உணர்கொம்புகளை முதுகின்மேல் பின்னோக்கிச் சாய்த்துக்கொள்ளும். தலையின் முன்புறம் அலகுபோல நீண்ட ஓர் உறுப்பு இருக்கும். அது வாயின் இருபுறமும் உள்ள உதட்டு உணர்நீட்சிகள் ஒன்றாக முன்னோக்கி நீண்டு நிற்பதால் உண்டாகும் தோற்றமாகும். உருளையான அமர்வும் அலகு போன்ற முகமும் ஒருங்கே காணப்பட்டால், அது கிராம்பிடே குடும்பத்துப் புல் அந்துப்பூச்சி என்று துணிந்து கூறலாம்.

முத்தின் ஒளிகொண்ட பூச்சி

ஆல்ப்ஸ் புல்வெளிகளில் இவ்வாறு அமரும் பூச்சிகளுள் மிக வெளிறியது, கிராம்பஸ் பெர்லெல்லா என்னும் சிற்றினம். சிறகுகளை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 21 முதல் 28 மில்லிமீட்டர் இருக்கும். முன்சிறகு குறியேதுமின்றி, பாலாடையின் வெண்மையும் முத்தின் பளபளப்பும் கலந்து தோன்றும். பின்சிறகு சாம்பல் சாயல் கொண்டது. இதன் புழு, புல்லின் அடிப்பகுதியில் பட்டு நூலால் குழாய் போன்ற உறைவிடம் அமைத்து, அங்கிருந்தபடி புல்லை உண்டு வளரும். ஐரோப்பாவின் தாழ்நிலங்களிலும் இச்சிற்றினம் வாழ்கிறது. எனவே, மலையில் கண்டதனாலேயே ஒரு பூச்சியை அரிய இனம் என்று கருதிவிடுதல் கூடாது.

இச்சிற்றினத்திற்குப் பெயரிட்டவர் ஜோவான்னி அந்தோனியோ ஸ்கோப்போலி என்னும் மருத்துவர். இன்றைய சுலோவேனியா நாட்டின் மலைப்பகுதியில் இத்ரியா என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்த பாதரசச் சுரங்கத்தின் தொழிலாளர்களுக்கு மருத்துவராக அவர் 1754ஆம் ஆண்டு பணியேற்றார். பணிக்கிடையே சுற்றுப்புறத்தின் செடிகளையும் பூச்சிகளையும் ஆராய்ந்தார். கார்னியோலாப் பகுதியின் பூச்சிகளைப் பற்றி 1763இல் அவர் இலத்தீன் மொழியில் வெளியிட்ட நூலில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இடம்பெற்றன. பெர்லெல்லா அவற்றுள் ஒன்று.

பெயரின் ஈறும் ஒரு செய்தியைத் தாங்கி நிற்கிறது. லின்னேயஸ், அந்துப்பூச்சிகளை அவற்றின் தோற்றம் கொண்டு சில பிரிவுகளாக்கி, அவற்றுள் பல பிரிவுகளின் பெயர்களுக்குத் தனி ஈறுகளை வகுத்தார். துணியை அரிக்கும் அந்தினைப் போன்ற சிறுபூச்சிகளின் பெயர்கள் ‘எல்லா’ என்று முடிந்தன. அக்காலத்தில் புல் அந்துப்பூச்சிகளும் அப்பிரிவில் அடக்கப்பட்டதால் அவற்றின் பெயர்களும் அவ்வாறே முடிகின்றன. பின்னர் வகைப்பாடு மாறியது. ஈறு மட்டும் நிலைத்துவிட்டது.

நெல்வயலில் வாழும் உறவினர்

கிராம்பிடே குடும்பத்தில் ஏறத்தாழ 10,000 சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று நம் உழவர்கள் நன்கறிந்த பகை. நெற்பயிரின் தண்டைத் துளைத்து உள்ளே வாழும் மஞ்சள் தண்டுத் துளைப்பான் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் பெண்பூச்சி வெளிர்மஞ்சள் நிறமுடையது. முன்சிறகு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி தெளிவாக இருக்கும். ஆண்பூச்சி சற்றுச் சிறியது. அதன் நிறமும் புள்ளியும் மங்கலானவை. புழு தண்டினுள் புகுந்தால் இளம்பயிரில் நடுக்குருத்து காய்கிறது. கதிர் வெளிவரும் பருவத்தில் மணி பிடிக்காத வெண்கதிர் தோன்றுகிறது.

இங்கு அடையாளம் காணுதல் நேரடியான பயனுடையது. பெண்பூச்சி வெளியிடும் மணத்தைப் போன்ற வேதிப்பொருளை வைத்து ஆண்பூச்சிகளை ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி, தனக்குரிய சிற்றினத்தையே ஈர்க்கும். வயலில் உள்ள பூச்சி வேறாக இருந்தால் பொறி வெறுமையாகத் தொங்கும். உழவர் ‘பூச்சி இல்லை’ என்று எண்ணியிருக்க, பயிர் அழியும். பெயர் பிழைத்தால் பயிரும் பிழைக்காது.

தெரிந்து தெளிவோம்

ஜார்ஜ் பிரான்சிஸ் ஹாம்ப்சன் (1860–1936) நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்தியவர். அங்கு அந்துப்பூச்சிகளைத் திரட்டத் தொடங்கிய ஆர்வமே அவரை இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆய்வாளராக்கியது. நீலகிரி மாவட்ட அந்துப்பூச்சிகளைப் பற்றிய அவருடைய நூல் 1891இல் வெளிவந்தது. தொடர்ந்து, இந்திய அந்துப்பூச்சிகளை விளக்கும் நான்கு தொகுதிகளை 1892 முதல் 1896 வரை வெளியிட்டார். உலகின் புல் அந்துப்பூச்சிகளை வகைப்படுத்தியவர்களுள் அவர் குறிப்பிடத்தக்கவர்.

சிறகு ஏமாற்றும் இடங்கள்

குடும்பம் தெரிந்தது, சிற்றினத்தின் பெயரும் ஏறத்தாழக் கையில் இருக்கிறது. பெரும்பாலான பிழைகள் நிகழ்வது இவ்விடத்தில்தான். வெளிறிய சிறகு மூன்று வகைகளில் பார்ப்பவரை ஏமாற்றுகிறது.

முதலாவது, தேய்வு. அந்துப்பூச்சியின் சிறகில் காணும் நிறமும் கோலமும் ஓடுகள் போல அடுக்கப்பட்ட நுண்செதில்களில் உள்ளன. புல்லில் உரசும்போதும், மழையில் நனையும்போதும், கையால் தொடும்போதும் அவை உதிர்கின்றன. பல நாள் பறந்த பூச்சியின் கோலம் அழிந்து, சிறகு வெளிறிவிடும். ஆகவே, ஒரு பூச்சி வெளிறியிருக்கிறது என்றால், அது பிறவியிலேயே வெளிறியதா, வாழ்ந்து வெளிறியதா என்று முதலில் கேட்க வேண்டும். சிறகின் ஓரத்தில் உள்ள குஞ்சம் போன்ற நுண்செதில் வரிசை முழுமையாக இருந்தால் பூச்சி புதியது. அது கிழிந்தும் உதிர்ந்தும் இருந்தால் நிறத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது.

இரண்டாவது, ஒரே சிற்றினத்துள் காணும் வேறுபாடு. பெர்லெல்லாவின் சில பூச்சிகளில், சிறகின் நரம்புகளை ஒட்டிச் சாம்பல் கலந்த பழுப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடும். குறியற்ற முத்துநிறப் பூச்சியையும் கோடுகள் கொண்ட இதனையும் அருகருகே வைத்தால் இரண்டும் வெவ்வேறு என்றே தோன்றும். கோடுடைய வடிவத்திற்கு 19ஆம் நூற்றாண்டில் வாரிங்டனெல்லஸ் என்னும் தனிப்பெயரும் இடப்பட்டது. அது பெர்லெல்லாவின் மற்றொரு வடிவமே என்பது பின்னர் தெளிவாயிற்று. வேறாகத் தோன்றுவன எல்லாம் வேறல்ல என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, வெவ்வேறு சிற்றினங்களுக்கிடையே காணும் ஒற்றுமை. அக்ரிஃபிலா ஸ்ட்ராமினெல்லா என்னும் புல் அந்துப்பூச்சி வைக்கோல் நிறமுடையது. கோடைப் புல்வெளிகளில் பெருந்திரளாகப் பறப்பது. சற்றுத் தேய்ந்த நிலையில் அதனைப் பெர்லெல்லா என்று எண்ணிவிட இடமுண்டு. கட்டோப்ட்ரியா பேரினத்தின் நிலை இன்னும் கடினமானது. பழுப்புச் சிறகின் நடுவே வெண்பட்டை ஓடும் பல சிற்றினங்கள் இப்பேரினத்தில் உள்ளன. அவற்றுள் பெர்முடடெல்லஸ், ஒஸ்டெல்டெரி ஆகிய இரண்டையும் சிறகைக் கொண்டு பிரித்தறிதல் இயலாது. எவ்வளவு தெளிவான ஒளிப்படமாயினும் இவ்வேறுபாட்டைக் காட்டாது. ஒன்றாகத் தோன்றுவன எல்லாம் ஒன்றல்ல என்பதற்கு இது சான்று.

கண்ணுக்கு அப்பால்

சிறகு விடைதராத இடத்தில் ஆய்வாளர் உடலமைப்பை நாடுகின்றனர். பூச்சியின் வயிற்றுப் பகுதியைப் பிரித்தெடுத்து, எரிபொட்டாசுக் கரைசலில் இட்டு, மென்மையான திசுக்களைக் கரைத்துவிடுவர். இனப்பெருக்க உறுப்பின் கடினப் பகுதிகள் மட்டும் எஞ்சும். அவற்றைக் கண்ணாடித் தகட்டில் பதித்து நுண்ணோக்கியில் காண்பர். சிறகில் சிறிதும் வேறுபடாத இரண்டு சிற்றினங்கள் இவ்வுறுப்பின் வளைவிலும் முள்ளிலும் தெளிவாக வேறுபடுவது உண்டு. அத்தகடு பூச்சியின் உடலோடு எண்ணிட்டு அருங்காட்சியகத்தில் காக்கப்படும். நூறாண்டு கழித்து ஐயம் எழுந்தாலும் அதை மீண்டும் எடுத்துப் பார்க்கலாம்.

மற்றொரு வழி மரபணு ஆய்வு. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட்டும் அவருடைய குழுவினரும் 2003ஆம் ஆண்டு ஒரு முறையை முன்மொழிந்தனர். விலங்குகளின் உயிரணுக்களில் உள்ள ஒரு குறிப்பிட்ட மரபணுவிலிருந்து ஏறத்தாழ 650 எழுத்துகள் நீளமுள்ள பகுதியைப் படித்து, ஏற்கெனவே தொகுக்கப்பட்ட பட்டியலோடு ஒப்பிட்டால், உயிரினத்தின் பெயரை அறியலாம் என்பதே அம்முறை. கடைப்பொருள்களின் மேல் உள்ள பட்டைக்குறியைப் போன்றது என்பதால் இதனை டி.என்.ஏ. பட்டைக்குறியீடு என்பர். பூச்சியின் ஒரு கால் போதும். முட்டையோ புழுவோ கிடைத்தாலும் போதும்.

எனினும், இம்முறையும் தனித்து நிற்பதன்று. சில நெருங்கிய சிற்றினங்கள் ஒரே பட்டைக்குறியைப் பகிர்ந்துகொள்கின்றன. மேலும், ஒப்பிடப்படும் பட்டியலில் உள்ள பூச்சிக்கு முதலில் பெயர் சொன்னவர் ஒரு மனிதரே. அவர் தவறியிருந்தால் கருவியும் அத்தவற்றையே திருப்பிச் சொல்லும். கைப்பேசியில் எடுத்த படத்தைக் கண்டு பெயர் கூறும் செயலிகளுக்கும் இது பொருந்தும். அவை கூறுவது தொடக்கக் குறிப்பு, முடிந்த முடிபன்று. கருவிகள் பெருகினும் கூர்ந்து நோக்கும் கண்ணின் தேவை குறைவதில்லை.

இருமுறை பெயர் மாறிய பூச்சி

எவ்வளவு தெரியுமோ அவ்வளவே சொல்வதன் அருமையை ஒரு வரலாறு உணர்த்துகிறது. ஐரோப்பியப் புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் மெலிந்த உடலும் வெண்ணிறச் சிறகும் கொண்ட சிறு வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. 1758இல் லின்னேயஸ் அதனை விளக்கிய நாள்முதல் லெப்டிடியா சினாபிஸ் என்னும் ஒரே சிற்றினமாகவே அது கருதப்பட்டது. 1980களின் இறுதியில், உடலுறுப்பு ஆய்வின் வழி, அதனுள் ரியாலி என்னும் இரண்டாம் சிற்றினம் மறைந்திருப்பது தெரியவந்தது. 2011இல் மரபணுவையும் குரோமோசோம்களையும் ஆராய்ந்தபோது, ஜுவெர்னிகா என்னும் மூன்றாம் சிற்றினம் வெளிப்பட்டது.

அயர்லாந்து நாட்டில் பரவலாகப் பறந்த பூச்சி முதலில் சினாபிஸ் எனவும், பிறகு ரியாலி எனவும், இறுதியில் ஜுவெர்னிகா எனவும் அழைக்கப்பட்டது. பூச்சி மாறவில்லை, அதைப் பற்றிய அறிவே மாறியது. இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. பழைய பதிவுகளுள் எவற்றை இன்று திருத்த முடிகிறது? பூச்சியின் உடலும், அது கிடைத்த இடமும் நாளும் காக்கப்பட்டிருக்கும் பதிவுகளை மட்டுமே. பெயரை மட்டும் எழுதிவைத்த பதிவு, அப்பெயர் மூன்றாகப் பிரிந்தபோது பயனிழந்துவிட்டது. பெயர் ஒரு முடிவு. சான்று அம்முடிவின் வேர். வேரைக் காத்தவர்களின் உழைப்பே பின்வந்த தலைமுறைக்குப் பயன்பட்டது.

எதற்காக இத்தனை கவனம்?

நெல்லைத் துளைக்கும் பூச்சியின் பெயரை அறிய வேண்டிய தேவை வெளிப்படையானது. யாருக்கும் தீங்கு செய்யாமல் மலைப்புல்லில் வாழும் பூச்சியின் பெயர் ஏன் வேண்டும் என்று சிலர் வினவக்கூடும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இன்றுவரை ஆல்ப்ஸ் பகுதியின் வெப்பநிலை ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ் உயர்ந்துள்ளது. இது உலகச் சராசரியைவிடக் கணிசமாக மிகுதி. மலையில் நூறு மீட்டர் மேலே ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறையும். எனவே, தமக்கு உகந்த குளிர்ச்சியைத் தேடிச் செடிகளும் பூச்சிகளும் மேல்நோக்கி நகர்கின்றன. ஏற்கெனவே மலையுச்சியில் வாழ்வனவற்றுக்கு அதற்குமேல் செல்ல இடமில்லை. அதோடு, செங்குத்தான சரிவுகளில் புல் அறுப்பதை உழவர்கள் கைவிடுவதால் அவை புதர் மண்டிக் காடாகின்றன. எளிதில் சென்றடையத்தக்க புல்வெளிகளிலோ உரம் மிகுதியாக இடப்படுவதால், ஒரு சில புல்வகைகள் செழித்துப் பல பூஞ்செடிகள் மறைகின்றன.

இம்மாற்றங்களை அளப்பதற்குப் பூச்சிகள் துல்லியமான அளவுகோல்கள். ஆண்டுக்கொரு தலைமுறை காண்பதால் மாற்றத்தை அவை விரைந்து காட்டுகின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு 1,200 மீட்டரில் வாழ்ந்த சிற்றினம் இன்று 1,600 மீட்டரில் வாழ்கிறது என்று கொள்வோம். அக்கூற்று மெய்யாக இருக்க, அன்று எழுதிய பெயரும் சரியாக இருக்க வேண்டும். இன்று எழுதும் பெயரும் சரியாக இருக்க வேண்டும். அன்று கண்டது ஒரு சிற்றினமாகவும் இன்று காண்பது அதனை ஒத்த வேறொரு சிற்றினமாகவும் இருப்பின், எந்தப் பூச்சியும் மலை ஏறவில்லை. நம் பிழைதான் மலை ஏறியிருக்கிறது. அவ்வாறே, ஓர் அரிய பூச்சி அழிந்துவிட்டதைப் பொதுவான பூச்சியின் பெயரை அதற்கு இட்டு அழைத்ததால் அறியாமலே போவதும் நேரும். அழிந்ததை அழிந்தது என்று அறிவதற்கும் அதன் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

அறிந்த அளவே பெயர்

ஆதலால், தேர்ந்த ஆய்வாளர் ஒவ்வொரு பூச்சிக்கும் தம் சான்று தாங்கும் அளவிலேயே பெயர் எழுதுகின்றனர். உருளையாக அமர்ந்ததை மட்டும் கண்டவர் ‘கிராம்பிடே குடும்பம்’ என்று எழுதி நிறுத்துவார். வெண்பட்டையும் பழுப்புச் சிறகும் கண்டு பேரினத்தை உணர்ந்தவர் ‘கட்டோப்ட்ரியா, சிற்றினம் தெரியவில்லை’ என்று எழுதுவார். புதிய, தேயாத, குறியற்ற முத்துநிறச் சிறகையும் நீண்ட அலகையும் அருகிலிருந்து கண்டு, ஒத்த இனங்களை ஒவ்வொன்றாக விலக்கியவரே ‘கிராம்பஸ் பெர்லெல்லா’ என்று முழுப்பெயர் எழுதுவார்.

இம்மூன்று பதிவுகளும் மதிப்புடையவை. நான்காவதாக ஒன்று உண்டு: பேரினம் வரையே சான்று இருக்க, முழுமை வேண்டும் என்னும் ஆசையால் ஏதோ ஒரு சிற்றினப் பெயரை எழுதிவிடுவது. பார்வைக்கு அது மிக நிறைவான பதிவாகத் தோன்றும். அதனைப் பின்னர் படிப்பவர்க்கு எது கண்டது, எது கருதியது என்று பிரித்தறிய வழியிராது. ‘தெரியவில்லை’ என்று எழுதப்பட்ட இடத்தை நாளை வேறொருவர் நிரப்பலாம். தவறாக நிரப்பப்பட்ட இடத்தை எவரும் தேடிச் செல்வதில்லை.

இப்பயிற்சியைத் தொடங்க ஆல்ப்ஸ் மலைக்குச் செல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்து மாலையில் வீட்டு விளக்கைச் சுற்றும் பூச்சிகளுள் ஒன்று சுவரில் அமரும்போது அருகில் சென்று பார்க்கலாம். அது சிறகை விரித்திருக்கிறதா, கூரைபோல மடித்திருக்கிறதா, உருளையாகச் சுற்றியிருக்கிறதா? உணர்கொம்பு எத்திசையில் உள்ளது? முகத்தில் அலகு உண்டா? சிறகின் ஓரக்குஞ்சம் முழுமையாக உள்ளதா? நாளையும் இடத்தையும் குறித்து, கண்டவற்றை வரிசையாக எழுதி, மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுத்து வைக்கலாம். அவற்றின் கீழே, அறிந்த அளவுக்குப் பெயரை எழுதலாம். அது குடும்பப் பெயரோடு நின்றாலும் குறையில்லை. கண்டது மெய்யாக இருந்தால் போதும்.